கண்ணைப் பறிக்கும் விளக்கு

மாங்காட்டுக் காமாட்சியைத் தொடர்ந்து ஆறு வாரம் தரிசிப்பதென்று நண்பர் ஒருவருடைய அத்தை நேர்ந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலையானால் எலுமிச்சம்பழமும் கையுமாக நண்பரின் காரில் ஏறி உட்கார்ந்துவிடுவார். நான்காவது வாரம் நாமும் கூடப் போயிருந்தோம். பக்தியினால் போனோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நண்பர் தம்முடைய பத்து வயதுக் காருக்குப் புதிதாக முன்விளக்குப் பல்பு மாற்றியிருந்தார். அதன் பிரதாபத்தை இருட்டில் நாம் பார்த்தே தீரவேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதமே உண்மையான காரணம்.

தரிசனம் முடிந்து வெளியே வரும்போது மணி எட்டரைக்கு மேலாகிவிட்டது. நண்பர் விளக்கைப் போட்டார். எதிரே இருந்த சுவர் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்தாற்போல் பளிச்சென்று ஆயிற்று. ஓரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்மணி முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"எப்படி?" என்றார் நண்பர்.

"பட்டப்பகல்!" என்றோம் நாம். பூக்காரி முகம் சுளித்ததை அந்தச் சமயம் நாம் ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை.

குன்றத்தூரிலிருந்து மாங்காடு வழியாகக் குமணன்சாவடிக்கு வரும் சாலையை இரவில் அறிந்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை. மாமரக் காடாயிருந்து பெயர் பெற்ற ஊர், 2021-ல் நகராட்சியாகிவிட்டது. தோப்பு இருந்த இடங்களில் வீடுகள். வீடுகளுக்குத் தக்கபடி கார்கள். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள், தண்ணீர் லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், இவற்றுக்கெல்லாம் ஒதுங்கி ஓரத்து மண்ணில் நடந்துபோகும் பக்தர்கள் என்று சகலரும் அந்த ஒரே சாலையில்தான் போய்வர வேண்டும். தெருவிளக்கு உள்ள இடமும் உண்டு. விளக்குக்கும் விளக்குக்கும் நடுவே கன்னங்கரேலென்று இருக்கும் இடமும் உண்டு.

அப்படிப்பட்ட ஓர் இருட்டுத் துண்டில்தான் அது நடந்தது. எதிரே ஒரு கார் வந்தது. அதன் விளக்கும் நம் நண்பருடையதைப் போலவே நீலம் பாய்ந்த வெள்ளை. இரண்டு வண்டிகளும் நெருங்க நெருங்க, நமக்குச் சாலை மறைந்தது, ஓரம் மறைந்தது, காரின் முன்கண்ணாடி முழுவதும் ஒரே வெண்புகையாய் ஆகிவிட்டது. நண்பர் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு கணம் அப்படியே ஓட்டினார். பிறகு ஏதோ ஒரு உள்ளுணர்வு அவர் காலைப் பிரேக்கில் வைத்து அழுத்தியது. வண்டி கிறீச்சிட்டு நின்றபோது, எங்களுக்கு நேர் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு சைக்கிளின் பின்சக்கரம் தெரிந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர் நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. அம்மாள் பயந்து ஓரமாய்த் துள்ளியதில், கையிலிருந்த பை நழுவிப் பிரசாதத் தேங்காய் மூடியும் எலுமிச்சம்பழங்களும் சாலையில் உருண்டன. ஒருவருக்கும் காயமில்லை. எதிரே வந்த காரும் தடுமாறி, ஒரு சக்கரம் மண்ணில் இறங்கி, மறுபடி ஏறி, நிற்காமல் போய்விட்டது.

நண்பர் இறங்கி ஓடினார். "ஐயா, மன்னிக்கவேண்டும். எதிரே வந்தவன் விளக்கில் ஒன்றுமே தெரியவில்லை" என்றார்.

கிழவர் பழங்களைப் பொறுக்கியபடியே நிமிர்ந்தார். "அது சரிங்க. அவரும் அவர் வீட்டுக்குப் போய் இதையேதான் சொல்லுவாரு" என்றார்.

அவ்வளவுதான். கோபமில்லை, சாபமில்லை. அதற்கப்புறம் வீடு போய்ச் சேரும்வரையில் காரில் ஒருவரும் பேசவில்லை. அத்தைகூடப் பேசவில்லை என்றால் நேயர்கள் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இது நடந்த இடம் மாங்காடு என்பதை நினைத்தால் நமக்கு இன்னும் சற்று வெட்கமாயிருக்கிறது. அந்த ஊர் ஸ்தலபுராணமே கண்ணைப் பற்றியதுதான். கைலாயத்தில் அம்பிகை விளையாட்டாகச் சிவபெருமானின் கண்களைப் பொத்தினாள். சூரிய சந்திரர்களே அந்தக் கண்களாகையால் உலகம் முழுவதும் இருண்டது. அந்தப் பிழைக்குப் பிராயச்சித்தமாக மாமரக் காட்டில் பஞ்சாக்கினி நடுவே ஊசிமுனையில் ஒற்றைக் கால் நுனியை ஊன்றித் தவமிருந்தாள் என்பது கதை. அதே ஊரில் இருக்கும் வெள்ளீசுவரரையோ, வாமனாவதாரத்தின்போது கண்ணை இழந்த சுக்கிராசாரியார் பார்வை வேண்டி வழிபட்டார் என்கிறார்கள். விளையாட்டாய்க் கண்ணைப் பொத்தியதற்கே அம்பிகைக்கு அந்தத் தவம் என்றால், காசு கொடுத்து வாங்கிய பல்பினால் எதிரே வருகிறவர்களின் கண்களையெல்லாம் பொத்திக்கொண்டு போகும் நமக்கு என்ன விதித்திருக்கிறதோ!

புராணம் இருக்கட்டும். கண்ணுக்குள் நடப்பதைச் சற்றுப் பார்ப்போம். இருட்டில் நேரே ஒரு கடுமையான ஒளி கண்ணில் பாய்ந்தால், அது விழித்திரையில் ஒரு புள்ளியாய் விழுந்து நின்றுவிடுவதில்லை. கண்ணின் ஆடியிலும் நீரிலும் சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய வெண்திரையைப் போர்த்திவிடுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் மங்கலாய் இருப்பவையெல்லாம் — பழுப்பு வேஷ்டி, கறுப்புச் சைக்கிள், எருமை மாடு — கரைந்து போகின்றன. வயது ஏற ஏற ஆடி மங்கி, இந்தச் சிதறலும் அதிகமாகிறது. கண்ணில் புரை விழத் தொடங்கியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இளைஞன் ஒருவன் "இது என்ன பெரிய வெளிச்சம்?" என்று நினைக்கும் அதே விளக்கில் அவன் தகப்பனாருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

ஒளி கடந்து சென்ற பிறகும் உடனே பார்வை திரும்பிவிடுவதில்லை. இருட்டுக்குக் கண் முழுவதும் பழகுவதற்குச் சுமார் அரைமணி நேரம் பிடிக்கும். அப்படிப் பழகிய பழக்கத்தை ஒரு கார் விளக்கு ஒரு நொடியில் கலைத்துவிடுகிறது. மீண்டும் ஓரளவு தெளிவதற்கு ஐந்து விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி விநாடிக்கு ஏறக்குறையப் பதினாறே முக்கால் மீட்டர் ஓடுகிறது. ஐந்து விநாடியில் 83 மீட்டர். கண்ணைக் கட்டிக்கொண்டு அத்தனை தூரம் கார் ஓட்ட யாராவது பந்தயம் கட்டுவார்களா? ஆனால் தினம் ராத்திரி ஆயிரக்கணக்கானவர்கள் பந்தயம் இல்லாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் நம்மை அழைத்துக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் போனார். பல்பு மாற்றிக் கொடுத்த பளபளப்பான கடைக்கு அல்ல. ஒரு புளிய மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு, கார் வயரிங் வேலை ஒன்றையே நெடுங்காலமாய்ச் செய்துவரும் பெரியவரிடம். எல்லாரும் அவரை "பாய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் விளக்கைப் போடச் சொல்லிக் கொட்டகைச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"எல்லாரும் எவ்வளவு வெளிச்சம் வேணும்னுதான் கேக்கறாங்க சார். எங்கே வேணும்னு ஒருத்தரும் கேக்கறதில்லை" என்றார்.

பிறகு பல்பைக் கழற்றி, பழைய ஹாலஜன் பல்பு ஒன்றையும் எடுத்து, இரண்டையும் நம் கண்முன் காட்டி விளக்கம் சொன்னார். அதை நாம் கிரகித்துக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறோம்.

நம் நாட்டுச் சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 என்னும் ஹாலஜன் பல்பு. ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு இழைகள்: 'பிரைட்'டுக்கு 60 வாட், 'டிம்'முக்கு 55 வாட். டிம் இழைக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஏதோ அலட்சியமாய் ஒட்டிவைத்த தகடு மாதிரி இருக்கும். ஆனால் சாலை நாகரிகம் முழுவதும் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது! இழையின் ஒளி கீழ்ப்பக்கம் போகாமல் அது மறைக்கிறது. ஆகவே ஒளி மேற்பாதிக் கிண்ணாடியில் மட்டும் பட்டு, முன்னோக்கிக் கீழ்நோக்கிச் சாய்ந்து விழுகிறது. சுவரில் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவே கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், அந்தக் கோடு இடப்பக்கத்தில் மட்டும் சற்று மேலேறி, ஓரத்தில் நடப்பவர்களையும் வழிகாட்டிப் பலகைகளையும் காட்டும். வலப்பக்கம், எதிரே வருகிறவர் கண் இருக்கும் பக்கம், தாழ்ந்தே இருக்கும்.

இந்த ஏற்பாடு முழுவதும், அந்த இழை அந்த இடத்தில், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் இருப்பதை நம்பி அமைந்தது. நண்பர் வாங்கிப் போட்டிருந்த எல்.இ.டி. பல்பில் இழையே கிடையாது. ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய ஒளிச்சில்லுகள். அவை முக்கியமாய் இரண்டு பக்கம் பார்த்தே ஒளி வீசுகின்றன. இழைக்கென்று வளைத்த கண்ணாடிக்குள் அவற்றைச் செருகினால், ஒளி போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் நாலாபுறமும் தெறிக்கிறது. காருக்குச் சற்று முன்னால் தரையில் ஏராளமான வெளிச்சம் கொட்டும். அதைப் பார்த்து நமக்கு மகிழ்ச்சி பொங்கும். ஆனால் அந்தக் கிட்டத்துப் பிரகாசத்துக்கே கண் பழகிவிடுவதால், தூரத்தில் உள்ளது முன்னைவிட இருட்டாய்த் தோன்றும். அன்று 'பட்டப்பகல்' விளக்கு வைத்துக்கொண்டும் கிழவரின் சைக்கிளை நாம் காணாததற்கு எதிரே வந்தவர் பாதிக் காரணம் என்றால், நம்முடைய பல்பு மீதிப் பாதிக் காரணம்.

ஸெனான் விளக்கு என்கிற 'எச்.ஐ.டி.'யின் சமாசாரமும் இப்படித்தான். எச்4-ன் டிம் இழை தரும் ஒளியைப்போல் மூன்று மடங்கு அது தரும். 1991-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார்களில் அது முதன்முதலாய் வந்தது. அப்பேர்ப்பட்ட ஒளிக்கு, பாரம் ஏறினாலும் விளக்கு தானாகவே தாழும் பொறியும், விளக்கின் முகத்தைக் கழுவும் நீர்க்குழாயும் கட்டாயம் என்று ஐரோப்பிய விதிகள் சொல்கின்றன. இவை எதுவுமில்லாமல் ஹாலஜன் விளக்குக்குள் ஸெனானைத் திணிப்பது, மதகில்லாத ஏரிக்குக் கரையை மட்டும் வெட்டிவிடுவதற்குச் சமானம்.

100, 90 வாட் ஹாலஜன் பல்புகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை வெளிச்சத்தோடு உஷ்ணத்தையும் சேர்த்துத் தருவதால், ஹோல்டர் உருகும், வயர் கருகும், விளக்கின் உட்பூச்சு மங்கும். சில மாதத்தில் முன்பிருந்த வெளிச்சமும் போய்விடும். நீலச் சாயம் பூசிய பல்புகளைப் பற்றிப் பாய் சொன்னது ஒரே வார்த்தை: "சாயம் வெளிச்சத்தைத் திங்குது." இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து தருவித்த அழகான முழு விளக்குகள் சில, வலப்பக்கம் வண்டி ஓட்டும் தேசங்களுக்கென்று செய்தவை. அவற்றில் கோடு வலப்பக்கம் மேலேறும். அதாவது, நம் சாலையில் எதிரே வருகிறவருடைய கண்ணைத் தேடிப் பிடித்துக் குத்தும்.

நேயர்களில் சிலர், "எல்.இ.டி. என்றாலே கெடுதலா? இப்போது புதுக் கார்களில் கம்பெனியிலிருந்தே அதுதானே வருகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கார்களில் விளக்கு முழுவதுமே அந்தச் சில்லுகளுக்கென்று கணக்கிட்டுச் செய்தது. ஒரு முன்விளக்குக்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறதென்று அறிய நாம் சீமைக்குப் போகவேண்டியதில்லை. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் நெடுஞ்சாலையில் போனால் புதுச்சத்திரத்தில், பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் ஜப்பானின் கொய்டோ கம்பெனியும் சேர்ந்து 1990-களில் தொடங்கிய இந்தியா ஜப்பான் லைட்டிங் தொழிற்சாலை இருக்கிறது. கார்களுக்கு முன்விளக்குச் செய்வதே அதன் தொழில். மாங்காட்டுக்காரர்கள் தங்கள் காரில் எதைக் கழற்றி எறிகிறார்களோ, அதை அளந்து, சோதித்து, ஒளி எந்த இடத்தில் எவ்வளவு விழலாம் என்று பார்த்துச் செய்யும் கலை அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது! ஜெர்மனியில் 2020-ல் பழைய ஹாலஜன் விளக்குக்குள் போடக்கூடிய எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு முதன்முதலாய் அனுமதி கொடுத்தார்கள்; அதுவும் எல்லாக் கார்களுக்கும் அல்ல, சோதித்துப் பார்த்துப் பட்டியலிட்ட மாடல்களுக்கு மட்டும். அவர்களே அவ்வளவு யோசித்துச் செய்ததை நாம் கடை வாசலில் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கவேண்டும், அல்லது ஓட்டுபவர் தாழ்த்தக்கூடியதாய் இருக்கவேண்டும் என்கிறது. எவ்வளவு தாழ்வு? விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்புக்கு அரை மீட்டர் வலப்பக்கத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒரு மனிதருக்குக் கூசக்கூடாது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு துல்லியமாய் ஒரு மனிதரை நிற்கவைத்திருப்பது நமக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர் வேறு யாருமில்லை. சைக்கிள் தள்ளிக்கொண்டு எதிரே வரும் ஏதோ ஒரு கிழவர்தான். 111-வது விதி, தேடுவிளக்குகளைத் தகுந்த அனுமதியில்லாமல் முன்னால் மாட்டுவதைத் தடுக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியற்ற மாறுதல் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

சட்டம் இருக்கிறது, சாலையில் அதைப் பிடித்து நிறுத்துவது எளிதல்ல. போக்குவரத்துப் போலீஸார் வண்டிகளை நிறுத்தி விளக்கின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். யுத்த காலத்தில் சென்னையில் இருட்டடிப்பு அமலில் இருந்தபோது மோட்டார் விளக்குகளுக்கு மூடி மாட்டிய வழக்கத்துக்கு அதை ஒன்றுவிட்ட தம்பி எனலாம். நல்ல எண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் கோணல் பார்வைக்குத் திருநீறு பூசிப் பயன் என்ன? விளக்கின் நோக்கைத் திருத்தாமல் முகத்தில் பொட்டு வைப்பதால் கூச்சம் தீராது.

நிற்க. பாய் என்ன செய்தார் என்பதற்கு வருவோம். அன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்த வேலை பிற்பகல் வரையில் நடந்தது. முதலில் அவர் பல்பின் பக்கம் போகவே இல்லை. விளக்கின் முகத்தைத்தான் தடவிப் பார்த்தார். இக்காலத்து விளக்குகளின் முகம் கண்ணாடியல்ல, பிளாஸ்டிக். வருஷக்கணக்காய் வெயிலில் நின்று அது மஞ்சளித்து, மோர் ஊற்றினாற்போல் மங்கிப்போகிறது. உள்ளே எவ்வளவு நல்ல விளக்கு எரிந்தாலும் பாதி ஒளி அங்கேயே சிதறிப்போகும். அந்தச் சிதறலும் எதிரே வருகிறவரைக் கூசவைக்கும். பாய் முதலில் சற்றுச் சொரசொரப்பான உப்புத்தாளாலும், பிறகு வரவர மிருதுவானதாலும், தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெருகு போட்டு, கடைசியில் வெயிலைத் தாங்கும் பூச்சு ஒன்றைப் பூசினார். இந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளித்துவிடுமாம். பற்பசை போட்டுத் தேய்க்கும் கைவைத்தியத்தைப் பற்றிக் கேட்டோம். "பல்லுக்கு நல்லது சார்" என்றார்.

அடுத்தபடியாக மின்சாரம். என்ஜினை ஓடவிட்டு பாட்டரியில் மீட்டரை வைத்தார். 14 வோல்ட் காட்டியது. பல்பின் ஹோல்டரில் வைத்தார், 12.6 தான். நடுவில் 1.4 வோல்ட் எங்கே போயிற்று? பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் மெல்லிய வயரில் உள்ளே போய், ஸ்விட்சைச் சுற்றிக்கொண்டு, துருப்பிடித்த இணைப்புகளையெல்லாம் தாண்டி விளக்குக்கு வந்து சேருவதற்குள் வழிச்செலவாகிவிட்டது. வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்திலும் பத்தில் ஒரு பங்குதானே குறையும் என்று நாம் நினைத்தோம். அப்படியல்ல. ஹாலஜன் பல்பில் அந்தப் பத்து சதவீதக் குறைவு வெளிச்சத்தில் சுமார் முப்பது சதவீதத்தைக் கொண்டுபோய்விடுகிறது! நண்பர் அதிக வாட் பல்பையும் அதிசய பல்பையும் தேடி அலைந்ததெல்லாம், தம் காரிலேயே வயரில் தொலைந்துபோன அந்த முப்பதைத் தேடித்தான் என்று இப்போது தெரிந்தது.

பாய் பாட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ரிலே வைத்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பியூஸ் போட்டார். ரிலே என்பது பெரிய மின்சாரத்துக்குக் கதவு திறந்துவிடும் சின்ன காவற்காரன். பழைய ஸ்விட்ச் இனி அவனுக்குச் சைகை காட்டினால் போதும். மீட்டர் ஹோல்டரில் 13.7 காட்டியது. புதுக் கார்களில் ரிலே முன்பே இருக்கும், கம்ப்யூட்டரும் இருக்கும். அவற்றில் கைவைக்கக்கூடாது, கம்பெனிக்காரர்களிடமே காட்டவேண்டும் என்று பாய் எச்சரித்தார்.

பிறகுதான் பல்பு. எந்தப் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டார்களோ, அதே எச்4, 60/55 வாட், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து முத்திரை உள்ளது. இரண்டையும் ஒருசேரப் புதிதாகவே மாற்றினார். கண்ணாடிக் குப்பியைக் கையால் தொடவில்லை; விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகமாய்ச் சுட்டுப் பல்பு சீக்கிரம் போய்விடுமாம்.

கடைசியாகச் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. ஆனால் அதற்குச் சாக்குக்கட்டி ஒன்றைத் தவிரச் செலவில்லை. டயர்களில் காற்று சரிபார்த்து, நண்பரை ஓட்டுபவர் ஆசனத்தில் உட்காரவைத்து, சமதரையில் சுவருக்கு நேராய்ப் பத்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தினார். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 70 சென்டிமீட்டர். சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு. அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. விளக்கின் பின்னாலுள்ள திருகைத் திருகி, ஒளியின் விளிம்பு இந்தக் கீழ்க்கோட்டில் வந்து படியும்படி செய்தார். இடப்பக்கம் மட்டும் அது மேலேறியது.

பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கும் ஒளி, எழுபது மீட்டரில் தரையைத் தொடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர், அபாயத்தைக் கண்டு, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்து, நல்ல சாலையில் வண்டியை நிறுத்துவதற்கு ஏறக்குறைய ஐம்பது மீட்டர் வேண்டும். ஆகவே இது போதும். 80-ல் போகிறவருக்குச் சுமார் எழுபத்தைந்து மீட்டர் வேண்டும். டிம் விளக்கில் அந்த வேகம் கூடாது. இனி, அந்த ஒளிவிளிம்பு கோட்டுக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் இருப்பதற்குப் பதில் மேலே பத்து சென்டிமீட்டர் இருந்தால் என்ன ஆகும்? ஐம்பது மீட்டரில் அது தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். எதிர்க்காரில் உட்கார்ந்திருப்பவருடைய கண் இருப்பது அங்கேதான். சுவரில் ஒரு சாண் வித்தியாசம். சாலையில் ஒருவர் உயிர்.

டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று இலக்கமிட்ட சின்ன உருளை ஒன்று இருப்பதையும் பாய் காட்டினார். பின்னால் ஆட்களும் மூட்டையும் ஏறினால் காரின் மூக்கு நிமிர்கிறது, விளக்கும் நிமிர்கிறது. அப்போது இந்த உருளையைத் திருகித் தாழ்த்தவேண்டும். பத்து வருஷமாய் நண்பர் அதை ஏதோ ரேடியோவைச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நாம் சிரிக்கவில்லை, நமக்கும் அது தெரியாது.

ஓட்டும் முறையைப் பற்றியும் சில வார்த்தை. எதிரே வண்டி தெரிந்ததும் முந்திக்கொண்டு டிம் செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. முன்னால் போகும் வண்டிக்குப் பின்னாலும் அப்படியே. அவருடைய கண்ணாடிகள் நம் விளக்கை அவர் முகத்திலேயே வீசும். எதிராளி டிம் செய்யாவிட்டால், பதிலுக்கு நாமும் பிரைட்டைப் போட்டு அவருக்குப் புத்தி புகட்ட வேண்டாம். இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருவதைவிட ஒரு குருடர் வருவது மேல். வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோனால் கூச்சம் குறையும், ஓரத்தில் நடப்பவரும் தெரிவார். முன்கண்ணாடியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைப்பது என்ற ஒன்றை யாரும் செய்வதில்லை. அந்தப் படலத்தில்தான் எதிர்விளக்கு பூதாகாரமாய் விரிகிறது. மழையில் பிரைட் போட்டால் மழைத்துளிகளே வெள்ளைச் சுவராய் எழும்பும். 2017 ஏப்ரல் முதல் விற்கும் இருசக்கர வண்டிகளில் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால், அந்த வண்டிக்காரர்கள் டிம் சுவிட்சில் விரலை வைத்துப் பழகுவது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி ஒன்றுண்டு. வெள்ளைக் கைத்தடியைத் தட்டிக்கொண்டு பிள்ளைகள் அந்தப் பக்கத்துச் சாலைகளைக் கடப்பதை நாம் பல தடவை பார்த்திருக்கிறோம். வண்டிகள் நிற்கும் என்று நம்பித்தான் அவர்கள் காலை எடுத்து வைக்கிறார்கள். பாயின் கொட்டகையிலிருந்து திரும்பும்போது நண்பர் அவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். கழற்றிய எல்.இ.டி. பல்புகள் பின் ஆசனத்தில் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தன. "யாருக்காவது விற்றுவிடலாமா?" என்று கேட்டவர், நாம் பதில் சொல்வதற்கு முன்பே, "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டார்.

ஆறாவது வாரமும் நாம் கூடப் போனோம். தரிசனம் முடிந்து புறப்பட்டபோது அதே சுவர், அதே பூக்காரி. விளக்கைப் போட்டதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பூத்தொடுத்துக்கொண்டே இருந்தாள். இருட்டுத் துண்டு வந்தது. எதிரே ஒரு தண்ணீர் லாரி. நண்பர் டிம் செய்தார். லாரிக்காரரும் டிம் செய்தார். இடது ஓரத்தில், வெகு முன்னாலேயே, இரண்டு பேர் நடந்துபோவது தெரிந்தது. அவர்கள் செருப்பின் தேய்ந்த குதிகால்கூடத் தெரிந்தது.

பின் ஆசனத்திலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏண்டாப்பா, ஞாயிற்றுக்கிழமை பூரா உட்கார்ந்து விளக்கை மாற்றிக்கொண்டு வந்தேன் என்றாயே, பழைய விளக்கு மாதிரியேதானே இருக்கிறது?" என்றார்.